தோட்டத்தில் புளியாரை: அழகுச் செடியும் அடங்காக் களையும்

காய்கறித் தோட்டம், நாற்றங்கால், தேயிலைத் தோட்டம், பூந்தொட்டி என எங்கும் காணப்படும் களைகளில் புளியாரையும் ஒன்று. ஒரு தண்டில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றும் இதய வடிவில் நுனி பிளந்திருக்கும். வாயிலிட்டால் புளிக்கும். இரவில் இலைகள் குடை போல் மடங்கிக் கொள்ளும். நீர்நிலை ஓரங்களில் நான்கு இலைகளுடன் வளரும் ஆரைக்கீரை வேறு. அது பெரணி இனம். கால்நடைத் தீவனமாகும் குளோவர் பயறு வகையைச் சேர்ந்தது. அதன் சிற்றிலைகளில் இதயம் போன்ற பிளவு இராது, புளிப்பும் இராது.

புளியாரையை ஒழிக்க முற்படுமுன் அது எந்த வகை என்று அறிதல் அவசியம். வகைக்கு வகை பரவும் முறை வேறு. எனவே கட்டுப்படுத்தும் முறையும் வேறு.

மஞ்சள் பூ வகை

சமவெளியிலும் மலையிலும் சாதாரணமாகக் காணப்படுவது இதுவே. தரையோடு படர்ந்து, கணுக்களில் வேர் விடும். காய்கள் சிறு வெண்டை போல் நிமிர்ந்து நிற்கும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதைகளைத் தூரத் தெறிக்கும். ஈர விதைகள் கருவிகளிலும் தொட்டிகளிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு பரவும். மக்காச்சோளத் துரு நோயை உண்டாக்கும் பூசணத்தின் ஒரு பருவம் புளியாரை இலையில் வளரக்கூடியது. ஆகவே வரப்பிலும் இதை விட்டுவைத்தல் நல்லதன்று.

ஊதாப் பூ வகை

நீலகிரியில் உருளைக்கிழங்கு, காரட் பயிரிடுவோருக்கும் தேயிலைத் தோட்டத்தாருக்கும் பெருந்தொல்லை தருவது இவ்வகை. மெக்சிகோவையும் அதை அடுத்த அமெரிக்க வெப்பப் பகுதிகளையும் தாயகமாகக் கொண்டது. தரைக்கு மேல் தண்டு கிடையாது. மண்ணுக்குள் உள்ள குமிழிலிருந்து இலைகளும் பூங்காம்பும் நேரே எழும். தாய்க்குமிழைச் சுற்றிப் பல குட்டிக் குமிழ்கள் உண்டாகும். இது பெரும்பாலும் விதையால் பரவுவதில்லை, குமிழ்களாலேயே பரவுகிறது.

செடியைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். குமிழ் மண்ணில் தங்கிவிடும். முற்றிய செடியைக் கொத்தினாலோ குட்டிக் குமிழ்கள் உதிர்ந்து நான்கு புறமும் சிதறும். களை எடுத்த பிறகு களை பெருகியது போல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். கூலியும் வீண், நிலமும் கெடும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

1. தக்க பருவத்தில் களையெடுத்தல்: குமிழ் முளைத்து முதல் சில இலைகளை விடும்போது தன் சேமிப்பு உணவைச் செலவழிக்கிறது. இலைகள் பெருகிய பின்னரே புதிய குமிழ்களை உண்டாக்குகிறது. ஆகையால் இரண்டு மூன்று இலை உள்ள நிலையிலேயே களையெடுக்க வேண்டும். மீண்டும் துளிர்க்கும், மீண்டும் எடுக்க வேண்டும். பதினைந்து, இருபது நாட்களுக்கு ஒரு முறை விடாமல் செய்தால் குமிழ் வலுவிழக்கும். ஒரே பருவத்தில் ஒழியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

2. தோண்டி எடுத்தல்: சிறு பரப்பாயின், மண் ஈரமாக இருக்கும்போது பல் உள்ள கொத்தினால் செடியைச் சுற்றி ஆழமாகக் கிளறி, மண்ணோடு பெயர்த்து, குமிழ்களைப் பொறுக்க வேண்டும். களை மண்டிய பகுதியில் சுழல் கலப்பை ஓட்டுவதைத் தவிர்க்கவும்.

3. அழித்தல்: பொறுக்கிய குமிழ்களை எருக்குழியில் போடக் கூடாது, தொழு உரத்துடன் திரும்ப வயலுக்கே வந்து சேரும். பாறை மீது நன்கு காயவைத்து எரித்துவிடவும்.

4. பரவாமல் தடுத்தல்: களையுள்ள வயலில் பயன்படுத்திய கருவிகளை அங்கேயே மண் நீக்கிக் கழுவவும். விதைக்கிழங்கு, நாற்று, தொட்டிச் செடி வாங்கும்போது ஒட்டியுள்ள மண்ணைச் சோதிக்கவும்.

5. மூடாக்கு: மஞ்சள் பூ வகையின் விதை முளைக்க வெளிச்சம் உதவுகிறது. எனவே சருகு, வைக்கோல் மூடாக்கு நல்ல பலன் தரும். காய் பிடிக்கும் முன் செடியைக் களைவது இவ்வகைக்கு முக்கியம். ஊதாப் பூ வகைக்கு மெல்லிய மூடாக்கு போதாது. குமிழின் பலத்தால் ஊடுருவி வரும்.

6. களைக்கொல்லி: இலையை மட்டும் கருக்கும் மருந்துகளால் குமிழ் சாவதில்லை. கிளைபோசேட் பயன்பாட்டைப் பூச்சி ஒழிப்புப் பணியாளர் வாயிலாக மட்டும் எனக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. எம்மருந்தாயினும் அப்போதுள்ள விதிகளை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்கவும்.

தொட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு

'ஷாம்ராக்' என்ற பெயரில் விற்கப்படும் தொட்டிச் செடிகளில் பல புளியாரை இனங்களே. அயர்லாந்து மக்கள் மார்ச் 17-ஆம் நாள் அணியும் ஷாம்ராக் பொதுவாகச் சிறு குளோவர் வகையாகும். பிரேசில் முதலிய தென் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்த, கருஊதா இலையுடைய புளியாரை வீட்டுக்குள் வளர்க்க ஏற்றது.

15 செ.மீ. தொட்டியில் செம்மண், மணல், இலைமட்கு சம அளவு கலந்து நிரப்பவும். கிழங்குகளை 3 செ.மீ. ஆழத்தில் நடவும். நல்ல வெளிச்சம் வேண்டும். கடும் வெயில் ஆகாது. மேல்மண் காய்ந்த பிறகு நீர் ஊற்றினால் போதும். இலைகள் வாடி உதிர்ந்தால் செடி செத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது ஓய்வுக் காலம். ஓரிரு மாதம் நீரைக் குறைத்து, துளிர் கண்டதும் மீண்டும் ஊற்றவும்.

தொட்டியைத் தரையில் வைக்காமல் தட்டின் மீது வைக்கவும். பழைய தொட்டி மண்ணைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம்.

எச்சரிக்கை

புளியாரையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். மஞ்சள் பூ வகையைச் சிறிதளவு துவையலாக உண்பது வழக்கமே எனினும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நலம். ஆடு மாடுகள் மிகுதியாக மேய்ந்தால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து நோயுறும். களைந்த புளியாரையைக் கட்டுக்கட்டாகத் தீவனமாகப் போடலாகாது.

புதிதாக ஓரிரு செடிகள் தென்படும்போதே அகற்றினால் அரை மணி நேர வேலை. விட்டுவிட்டால் பல ஆண்டு வேலை. பக்கத்து வயலாரும் சேர்ந்து செய்தால்தான் பலன் நிலைக்கும்.