கைகாட்டியின் சொல்

மனிதர் வழங்கும் மொழிகளுக்குச் சொற்கள் பல்லாயிரம். புகையிரதப் பாதையின் மொழிக்கோ சொற்கள் மிகச் சில. சிவப்பு என்றால் நில். மஞ்சள் என்றால் முன்னே நிற்க வேண்டியிருக்கும், வேகத்தைத் தணி. பச்சை என்றால் செல். இச்சில சொற்களை நம்பியே நாள்தோறும் நூறாயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் வீடு திரும்புகின்றனர். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அங்கே சிறிது பிறழினும், இழக்கப்படுவது உயிர். அம்மொழி வழங்கும் முறையையும், அது பிழைத்த சில நாள்களையும், புகையிரதத்தின் தாயகமாகிய பிரித்தானியாவின் வரலாற்றிலிருந்து ஈண்டு நோக்குவோம்.

பழைய முறைச் சமிக்ஞை அறை, பாதையோரத்திலே உயர்த்திக் கட்டிய, சாளரங்கள் நிறைந்த ஒரு மாடம். உள்ளே நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். நிறுத்தற் கைகாட்டிகளுக்குரியவை சிவப்பு நிறம். எச்சரிக்கைக் கைகாட்டிகளுக்குரியவை மஞ்சள். வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்குத் திருப்புவனவற்றுக்குரியவை கறுப்பு. ஒன்றுக்கொன்று முரணான நெம்புகோல்களை ஒருங்கே இழுக்க முடியாதவாறு அவற்றைப் பூட்டிவைக்கும் பொறியமைப்புக்கு ஜோன் சக்ஸ்பி என்பவர் 1856ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார்.

பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரே வேளையில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்பது முதல் விதி. கடுகதி வண்டி ஒன்றை அனுப்ப விரும்புபவர் அடுத்த அறைக்கு மணியை நான்கு முறை ஒலிப்பார். பாதை வெறிதாயிருந்தால் அங்குள்ளவர் அந்நான்கையும் திருப்பி ஒலித்து இசைவு தருவார். வண்டி புறப்பட்டதும் இரண்டு ஒலி. அது கடந்து சென்றதும், கடைசிப் பெட்டியின் பின்விளக்கைக் கண்ணாற் கண்ட பின்னரே, ‘பகுதி நீங்கிற்று’ என்னும் மணி. பெட்டி எதுவும் அறுந்து பின்தங்கவில்லை என்பதற்கு அவ்விளக்கே சான்று. இவை யாவும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதப்படும். கூறியது கூறலை நம் இலக்கண நூலார் குற்றமென்பர். இங்கு அதுவே காப்பு.

இவ்வொழுங்கு எளிதில் வந்ததன்று. முன்னர்ப் பல பாதைகளில், ஒரு வண்டி போய்ச் சில நிமிடங்கள் கழிந்ததும் அடுத்ததை விடுவதே வழக்கம். 1889ஆம் ஆண்டு யூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, சிறுவர் பலரைச் சுற்றுலாவுக்கு ஏற்றிச் சென்ற வண்டி மேட்டில் ஏற இயலாது நின்றது. அதனை இரண்டாகப் பிரித்தபோது பிற்பகுதி சரிவிலே உருண்டு, பின்னால் வந்த வண்டியோடு மோதிற்று. மாண்டவர் 80 பேர். அவ்வாண்டிலேயே, பகுதி முறையும் நெம்புகோற் பூட்டும் தொடர் தடையும் பயணிகள் பாதைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டன.

சட்டம் வந்தபின்னும் மறதி போகவில்லை. ஸ்கொட்லாந்து எல்லையிலுள்ள குயின்டின்சில் சமிக்ஞை அறையில், 1915ஆம் ஆண்டு மே 22ஆம் நாட் காலை நிகழ்ந்தது அதற்குச் சான்று. அங்கே முறை மாறும் நேரம் ஆறு மணி. ஆயினும் பகற் பணியாளர் சற்றுப் பிந்தி, உள்ளூர் வண்டியில் ஏறி வருவதும், ஆறு மணிக்குப் பிந்திய பதிவுகளை இரவுப் பணியாளர் ஒரு தாளில் எழுதி வைக்க, வந்தவர் அவற்றைத் தம் கையால் ஏட்டிற் பெயர்த்து எழுதுவதும் அவர்களுக்குள் இருந்த இரகசிய ஏற்பாடு. அன்று அவரை ஏற்றிவந்த வண்டி, கடுகதிக்கு வழிவிடுவதற்காக எதிர்த் தடத்திலே நிறுத்தப்பட்டது. வண்டி நிற்பதை நினைவூட்ட நெம்புகோலில் மாட்ட வேண்டிய வளையம் மாட்டப்படவில்லை. தாம் வந்திறங்கிய வண்டியையே மறந்து, அத்தடத்தில் வந்த படைவீரர் வண்டிக்கு அவர் வழிவிட்டார். இரு வண்டிகளும் மோதின. சிறிது நேரத்தில் கடுகதியும் அச்சிதைவில் வந்து மோதிற்று. மரப்பெட்டிகள் எரிந்தன. இறந்தோர் இருநூற்றுக்கு மேற்பட்டோர். பணியாளர் இருவரும் சிறை சென்றனர்.

சொல் சரியாகச் சொல்லப்பட்டும் கேளாது போனது 1952ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8ஆம் நாள். லண்டனுக்கு வடக்கேயுள்ள ஹரோ அன்ட் வீல்ட்ஸ்ரன் நிலையத்தில், அலுவலகம் செல்வோர் நிறைந்த காலை வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னே கைகாட்டிகள் முறைப்படி தடை காட்டி நின்றன. பேர்த் நகரிலிருந்து பிந்தி வந்த இரவுக் கடுகதி, எச்சரிக்கை விளக்கையும் இரு நிறுத்தற் கைகாட்டிகளையும் கடந்து வந்து மோதிற்று. அடுத்த கணங்களில் எதிர்த்திசைக் கடுகதியும் சிதைவிற் பாய்ந்தது. 112 பேர் மாண்டனர். சாரதியும் மாண்டமையால் அவர் ஏன் நிறுத்தவில்லை என்பது தெளிவாகவில்லை. எச்சரிக்கையைச் சாரதியின் காதிலும் ஒலிக்கச் செய்து, அவர் வாளாவிருந்தால் தானே தடையிடும் கருவி, கிறேற் வெஸ்ரேண் பாதையில் 1906 முதலே இருந்தது. ஏனைய பாதைகளிற் பெரும்பாலானவை அதனை விரைந்து பெறுவதற்கு இவ்விபத்து வேண்டியிருந்தது.

மறதியிலும் கேளாமையிலும் கொடியது சொல்லே பொய்யாதல். 1988ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் நாட் காலை, லண்டன் கிளாப்பம் சந்தி அருகே ஒரு சாரதி, தம்முன்னிருந்த பச்சை விளக்குத் திடீரெனச் சிவப்பாகக் கண்டார். முறைப்படி அடுத்த சமிக்ஞையில் வண்டியை நிறுத்தி, இறங்கிச் சமிக்ஞை அறையோடு தொலைபேசியிற் பேசினார். அவர் வண்டி பின்னே நிற்பதை விளக்குக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. பச்சையை நம்பி வந்த பூல் நகர வண்டி, வளைவு கடந்ததும் மோதிற்று. அடுத்த தடத்திற் சென்ற வெற்று வண்டியும் சிக்கிற்று. 35 பேர் இறந்தனர். முதலில் ஓடிவந்து உதவியவர்களுள், பாதையோரத்துப் பள்ளியான இம்மானுவேற் பள்ளியின் மாணவரும் ஆசிரியரும் இருந்தனர்.

காரணம் ஒரு கம்பி. புதிய சமிக்ஞை அமைக்கும் வேலையிலே, பழைய கம்பியின் ஒரு முனை கழற்றப்பட்டும் வெட்டப்படாமலும் கட்டப்படாமலும் விடப்பட்டது. அது மீண்டும் பழைய இடத்தைத் தொட்டு, வண்டியை மறைத்துப் பச்சை காட்டிற்று. அவ்வேலை செய்த தொழில்நுட்பவியலாளர் பதின்மூன்று கிழமைகளில் ஒரு நாளே ஓய்ந்திருந்தார் என விசாரணை நடத்திய அந்தனி ஹிடன் கண்டார். செய்த வேலையை வேறொருவர் கம்பி எண்ணிச் சரிபார்க்கவுமில்லை.

ஒரு மனிதர் தவறினார் என்று கூறி அமைவது எளிது. தவறாத மனிதர் இல்லை என அறிந்தே பின்விளக்கும் வளையமும் பதிவேடும் ஏற்பட்டன. அவற்றை ‘இன்று ஒருநாள் வேண்டாம்’ என விடும்போதும், களைத்தவர் கையில் வேலையைக் கொடுத்து மற்றொரு கண்ணை வையாதபோதும், குற்றம் ஒருவரோடு நில்லாது. அவரை அங்ஙனம் விட்டவரையும் சாரும். 2017ஆம் ஆண்டு ஓகஸ்டில் லண்டன் வோட்டர்லூ நிலையத்திலே, முறையாகப் பதியப்படாத கம்பி இணைப்பினால் ஒரு வண்டி தடம் மாறி, நின்ற வண்டியோடு மோதிற்று. உயிர்ச்சேதம் இல்லை. எனினும் கிளாப்பம் தந்த பாடம் மங்கிவருகின்றதோ என விசாரணையாளர் அஞ்சினர். அப்பாடத்தைக் கண்கூடாகக் கற்ற தலைமுறை பணியிலிருந்து ஓய்ந்துகொண்டிருந்தது. விதியை மட்டும் கற்பித்து, அவ்விதி பிறந்த கதையைக் கற்பியாது விட்டால், அடுத்து வருபவர் அதனை வெறுஞ் சடங்கென்றே எண்ணுவர். அக்கதையைச் சொல்லிக் கொடுப்பது எந்தத் தொழிலிலும் ஆசிரியர் கடன்.