படர்தாமரை திரும்பத் திரும்ப வருதா? எல்லாத்துக்கும் வியர்வையே காரணமில்லை!

"மெடிக்கல்ல ஒரு ட்யூப் வாங்கிப் போடு, நாலு நாள்ல போயிடும்!" திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இந்த அட்வைஸை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டையிங்கில் ஈரம், அயர்னிங் டேபிளில் நீராவி, ஷிப்ட் முழுக்க வியர்வை. பூஞ்சைக்கு வேறென்ன வேணும்?

அந்த ட்யூபில்தான் பெரும்பாலும் வில்லங்கம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பை உடனே அடக்கும். கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். 2018-லேயே 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. மருந்துக்கு அடங்காத 'ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' என்ற பூஞ்சையும் இங்கே பரவலாக இருக்கிறது. ஆக, விடாத படைக்கு முதல் சந்தேகம் இவற்றின் மேல்தான்.

ஆனால், வெகு சிலருக்குக் கோளாறு பிறப்பிலேயே இருக்கும். பூஞ்சை ஏறியதும் அதைக் கண்டுபிடிக்கும் செல்கள் 'கார்டு9' என்ற புரதம் வழியாகத் தகவல் சொல்லும். அடுத்து 'இன்டர்லூகின்-17' சுரந்து, தோலையும் வாயின் உட்பகுதியையும் உஷார்படுத்தும். மரபணுப் பிழையால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போச்சு. மற்ற கிருமிகளை ஓரளவு சமாளிக்கும் உடம்பு, பூஞ்சையிடம் மட்டும் தோற்கும்.

இது வெறும் தோல் பிரச்னை இல்லை. அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோவைச் சேர்ந்த 8 குடும்பங்களின் 17 பேரை ஆராய்ந்து 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. சாதாரண படர்தாமரைப் பூஞ்சையே அவர்கள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. 4 பேர் இறந்திருந்தார்கள். எல்லோருக்குமே அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான கார்டு9 மரபணு வந்திருந்தது.

அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் நம்மூரில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. அதற்காக மருமகளை மட்டும் குத்திக்காட்டாதீர்கள், பாதி மரபணு உங்கள் பையனுடையது! 'ஸ்டாட்1' மரபணுப் பிழைக்கோ சொந்தமே தேவையில்லை. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே வரலாம், புதிதாகவும் தோன்றலாம்.

எப்போது சந்தேகப்படுவது? கைக்குழந்தை வாயில் வெள்ளை படிவது சகஜம்தான். ஒரு வயது தாண்டியும் அது திரும்பத் திரும்ப வந்தால், நகங்கள் தடித்துச் சிதைந்தால், படை கட்டியாகவோ புண்ணாகவோ ஆழமாக இறங்கினால், அண்ணன் தம்பிக்கும் அதுவே இருந்தால், தோல் டாக்டரிடம் குடும்பக் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் சுரண்டிப் பார்க்கும் பூஞ்சைப் பரிசோதனை, சர்க்கரை, ஹெச்.ஐ.வி டெஸ்ட் எடுப்பார்கள். அதிலும் விடை கிடைக்காவிட்டால் மரபணுப் பரிசோதனை. சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பையின் ஐ.சி.எம்.ஆர் தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் போன்றவை இதில் அனுபவம் உள்ளவை.

பிழை தெரிந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் பூஞ்சை மாத்திரை, ஸ்டாட்1 கோளாறில் சிலருக்குப் பிரத்யேக மருந்து, சிலவற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று என்று வழிகள் இருக்கின்றன. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் அதற்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம்.