ஊர் பேரைப் பார்த்தா பிரேக் போடுங்க! பிரான்ஸ் கிராமங்களில் அவசரமே இல்லாத ஒரு கார் பயணம்

பிரான்ஸில் கார் ஓட்டுபவர்களுக்கு ஓர் எளிய விதி உண்டு. சாலையோரம் வெள்ளைப் பலகை, சுற்றிலும் சிவப்பு பார்டர், நடுவில் ஊரின் பெயர். அதைத் தாண்டியதும் காரின் வேகம் 50-க்கு மேல் போகக் கூடாது. '50' என்று தனியாக ஒரு போர்டு வைக்க மாட்டார்கள், ஊர் பெயர்தான் அங்கே வேகக் கட்டுப்பாடு. ஊர் முடியும் இடத்தில் அதே பெயரின் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும்.

பிரான்ஸ் என்றால் நம்மில் பலருக்கு ஈஃபிள் டவர், லூவ்ர் மியூசியம், ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். ஆனால், பாரீஸிலிருந்து மூன்றரை மணி நேரம் ரயிலில் தெற்கே போய், லிமோஜ் நகரில் இறங்கி ஒரு வாடகை காரை எடுத்தால், வேறொரு பிரான்ஸைப் பார்க்கலாம். ஒராதூர், கொலோஞ்ச்-லா-ரூஜ், லாஸ்கோ, சார்லா வழியாக தோர்தோன் நதிக்கரை வரை மொத்தமே 250 கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்றாலும் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

முதல் ஸ்டாப்: யாருமே இல்லாத ஊர்

லிமோஜிலிருந்து 20 கிலோமீட்டர் தாண்டியதும் வருகிறது ஒராதூர்-சுர்-கிளான். 1944 ஜூன் 10 வரை இது கடைகள், பள்ளிக்கூடம், டிராம் வண்டி எல்லாம் இருந்த சாதாரண ஊர். அன்று மதியம் ஹிட்லரின் எஸ்.எஸ். படை உள்ளே நுழைந்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் நிறுத்திச் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைத்தது. இறந்தவர்கள் 643 பேர். தேவாலயத்திலிருந்து உயிரோடு தப்பியவர் ஒரே ஒரு பெண்மணி.

இடிபாடுகளை அகற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார் ஜெனரல் டி கோல். புது ஊரைப் பக்கத்தில் கட்டினார்கள். பழைய ஊரில் இன்றும் கூரையில்லாத வீடுகள், துருப்பிடித்த கார், தையல் மெஷின்கள், டிராம் தண்டவாளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வாசலில் 'நினைவில் கொள்' என்ற வாசகம் எழுதியிருக்கிறது.

ஹாலிடே போகிறவர்களை எதற்கு இங்கே கூட்டிப்போகிறீர்கள் என்று கேட்கலாம். இதைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது, ஒரு ஜன்னலில் பூந்தொட்டி இருப்பதும், அடுப்பங்கரையிலிருந்து வாசம் வருவதும்கூட எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கிராமம் அமைதியாக இருப்பது வேறு, ஆளில்லாமல் இருப்பது வேறு.

சிவப்பு ஊரும் ஒரு மேயரும்

அங்கிருந்து தென்கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் கொலோஞ்ச்-லா-ரூஜ். சிவப்பு மணற்கல்லில் கட்டிய வீடுகள், கோபுரங்கள், தேவாலயம் என ஊரே சிவப்பு. மாலை வெயில் பட்டால் இன்னும் சிவக்கும். நிரந்தரமாக வசிப்பவர்கள் சுமார் 500 பேர்தான்.

20-ம் நூற்றாண்டில் வேலை தேடி நகரங்களுக்குப் போனதால் காலியான பிரெஞ்சு கிராமங்கள் ஏராளம். கொலோஞ்சின் மேயர் ஷார்ல் செய்ராக், தன் ஊரைப்போன்ற அழகான கிராமங்கள் ஒன்றுசேர்ந்தால் பிழைக்கலாம் என்று நினைத்தார். மற்ற ஊர் மேயர்களுக்குக் கடிதம் எழுதினார். 1982-ல் 66 மேயர்கள் கையெழுத்திட, 'பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள்' என்ற சங்கம் பிறந்தது. இன்று அதில் சுமார் 180 ஊர்கள் இருக்கின்றன.

சேருவது சுலபமில்லை. மக்கள்தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இரண்டாவது இருக்க வேண்டும். பராமரிப்பு சரியில்லை என்றால் பட்டியலிலிருந்து தூக்கியும்விடுவார்கள்.

கூட்டம் வந்தால் என்ன ஆகும்?

பயணிகள் வந்தால் ஊர் பிழைக்கும். ஆனால், அளவு மீறினால்? அடுத்த ஸ்டாப் லாஸ்கோவில் இதற்கு விடை இருக்கிறது.

1940-ல் நான்கு சிறுவர்கள் கண்டுபிடித்த குகை இது. உள்ளே காளைகள், குதிரைகள், மான்கள் என 17,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான ஓவியங்கள். உலகமே திரண்டு வந்தது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரப்பதமும் சுவர்களில் பாசி படரக் காரணமாயின. 1963-ல் குகையை மூடிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 2016-ல் திறந்த, அச்சு அசலான நகல் குகையைத்தான்.

கிராமங்களுக்கு நகல் கட்ட முடியாது. ஆகஸ்ட்டில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கி, ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பினால், நினைவுப்பொருள் கடைதான் பிழைக்கும். பேக்கரியும் மளிகைக் கடையும் பிழைக்காது. வீடுகள் விடுமுறை பங்களாக்களாக மாறினால், குளிர்காலத்தில் தெரு முழுக்க ஜன்னல்கள் மூடியே கிடக்கும். மெதுவாகப் போங்கள், இரவு தங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

தலைகீழான பலகைகள்

2023 இறுதியில் இந்த நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. ஊர்ப் பெயர்ப்பலகைகள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் தொங்கின. குறும்புக்கார பசங்க வேலை இல்லை. தெற்கே டார்ன் மாவட்ட விவசாயிகள் ஆரம்பித்த போராட்டம் அது. குறையும் வருமானம், கூடிக்கொண்டே போகும் விதிமுறைகள், காகித வேலைகள்... 'எல்லாம் தலைகீழாக நடக்கிறது' என்பதுதான் அவர்கள் சொல்ல வந்த சேதி. போராட்டம் நாடு முழுக்கப் பரவி, 2024 ஜனவரியில் டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தன.

கார் ஜன்னலில் நாம் ரசிக்கும் வால்நட் தோப்புக்கும் பசும்புல்வெளிக்கும் பின்னால் இந்தக் கவலையும் இருக்கிறது. சார்லாவில் புதன், சனிக்கிழமைகளில் கூடும் சந்தையில் வால்நட்டும் சீஸும் வாங்கினால், அந்தக் காசில் ஒரு பங்கு அந்தத் தோப்புகளுக்கே போய்ச் சேரும்.

கடைசி ஸ்டாப்: நதிக்கரை

சார்லாவிலிருந்து கால் மணி நேரத்தில் லா ரோக்-கஜாக். பின்னால் செங்குத்தான பாறை, முன்னால் தோர்தோன் நதி, இடையில் ஒட்டிவைத்ததுபோல வீடுகள். இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் விசேஷம். கரையில் உட்காருங்கள். அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றிச் சென்ற தட்டைப் படகுகளின் மாதிரியில் இப்போது பயணிகளை ஏற்றிப் போகிறார்கள், அதிலும் ஒரு சுற்று வரலாம்.

போகும் வழியில் எந்த ஊரிலும் ஒரு கல்தூண் கண்ணில் படும். அதில் முதல் உலகப் போரில் இறந்த அந்த ஊர் இளைஞர்களின் பெயர்கள் இருக்கும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் இதன் சொந்தக்காரன்தான். 50 வீடுள்ள ஊரில்கூட 10, 15 பெயர்கள் இருக்கலாம். ஒரே குடும்பப் பெயர் இரண்டு, மூன்று முறை வந்தால், அண்ணன் தம்பிகளாக இருக்கக்கூடும். ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுப் போங்கள்.

கிளம்பும் முன் கவனிக்க...

* இந்திய லைசென்ஸுடன், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிடைக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

* அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், ஓட்டுவது சாலையின் வலப்பக்கம். வாடகை கார்களில் கியர் வண்டிகள் அதிகம் என்பதால், ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

* வேறு போர்டு இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்துதானே என்று அசட்டையாக இருந்தால் இடித்துவிடும்.

* ஊருக்கு வெளியே இருவழிச் சாலைகளில் வேகம் 80. சில மாவட்டங்களில் 90.

* மதியம் 12 முதல் 2 வரை கிராமக் கடைகள் பல மூடியிருக்கும். ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

* கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை 'போன்ஷூர்'. வணக்கம் சொல்லாமல் பொருள் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

* மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஆகஸ்ட்டைத் தவிருங்கள்.

ஊரைவிட்டுக் கிளம்பும்போது, பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வரும். சட்டப்படி அங்கே ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம். அதற்கு முன், அந்த ஊர் பேக்கரியில் ஒரு ரொட்டியாவது வாங்கினோமா என்று ஒரு முறை யோசித்துக்கொள்ளுங்கள். வாங்கவில்லை என்றால் வண்டியைத் திருப்புங்கள். ஐந்து நாள் இருக்கிறதே, என்ன அவசரம்?