பரணில் வட்டமான தகர டப்பா இருக்கிறதா?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது, தட்டு அகலத்தில் வட்டமான தகர டப்பா எதாவது கிடைத்தால், காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று சொல்ல 1937-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் கோட்டையூர்க்காரர் ஒருவர். பெயர் ஏ.கே.செட்டியார். வயது 25. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். அன்று காந்தியின் பிறந்தநாள். அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். இவர் நிறுத்தவில்லை.

காந்தி அதற்கு முன்பே பல நாட்டு கேமராக்களில் பதிவானவர். அந்தத் துண்டுப் படங்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. தென் ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று சுமார் ஒரு லட்சம் மைல் அலைந்து, 50,000 அடி ஃபிலிம் சேர்த்தார். அதில் சலித்தெடுத்தது 12,000 அடி. ஓட்டினால் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டி.கே.பட்டம்மாள் பாடினார்.

1940 ஆகஸ்ட்டில் தமிழ் விளக்கத்துடன் படம் வெளியானது. உலகப் போர் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில், போர்க்காலத்தில் காந்தி படம்! இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும் துணிச்சல்தான். தெலுங்கிலும் வந்தது. 1947 ஆகஸ்ட்டில் டெல்லியில் இந்தி விளக்கத்தோடு காட்டினார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிட்டார் செட்டியார்.

அதற்குப் பிறகு படம் காணாமல் போனது. 'குமரி மலர்' பத்திரிகையை நடத்திக்கொண்டு அமைதியாக வாழ்ந்த செட்டியார், 1983-ல் மறைந்தார்.

படம் எடுத்த கதையை அவரே எழுதியிருந்தார். வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அந்தக் கட்டுரைகளை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாகத் தொகுத்தார். புத்தகம் கைக்கு வந்துவிட்டது, படம் எங்கே? அவருடைய தேடல் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் போய் முடிந்தது. இங்கே தொலைந்தது கடல் கடந்து கிடைத்தது.

ஆனால், கிடைத்தது 1953-ன் ஆங்கிலச் சுருக்கம். நம்மூர் மக்கள் 1940-ல் பார்த்த தமிழ்ப் படம் அல்ல.

அந்தக் காலத்து ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட். வெயிலும் ஈரமும் அதற்குப் பகை. நம் கடற்கரைப் பக்கத்தில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். சுலபமாகத் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது.

அதனால் டப்பா கிடைத்தால் சுருளைப் பிரிக்காதீர்கள். அடுப்பு, வெயில் பக்கம் கொண்டு போகாதீர்கள். காற்றோட்டமான, குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, மேலே ஒட்டியிருக்கும் சீட்டை மட்டும் போனில் படம் எடுத்து, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். கல்யாணக் கேசட்டாக இருந்தால்? இருக்கட்டுமே, அதையும் ஒருமுறை துடைத்து வைக்கலாம்.