காப்போம் என்ற வாக்கு ஓர் அமானிதம்



அநீதிக்குள்ளானவருக்குத் துணை நிற்பது கடமை என்பதில் நமக்குள் இரு கருத்து இல்லை. மக்காவுக்கு வந்த யமன் நாட்டு வணிகர் ஒருவருக்கு அவருடைய சரக்கின் விலை மறுக்கப்பட்டபோது, அப்துல்லாஹ் பின் ஜுத்ஆனின் இல்லத்தில் 'ஹில்ஃபுல் ஃபுளூல்' எனும் உடன்படிக்கை உருவானது. நபித்துவத்திற்கு முன்பே நபி (ஸல்) அவர்கள் அதில் பங்கேற்றார்கள்.

ஆனால், ஓர் அரசே தன் குடிமக்களைக் கொன்று குவித்தால், பிற நாடுகள் படையுடன் உள்ளே நுழையலாமா?

1945-ஆம் ஆண்டின் ஐ.நா. சாசனம் அதைத் தடுக்கிறது. தற்காப்பும், பாதுகாப்புச் சபையின் அனுமதியும் மட்டுமே விதிவிலக்கு. இத்தடை அவசியமானதே. இல்லையேல், வலியோர் மனிதாபிமானத்தின் பெயரால் எளியோரின் மண்ணைப் பறித்துக்கொள்வர்.

எனினும், அனுமதி மட்டும் உயிரைக் காத்துவிடாது. 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் 'பாதுகாப்புப் பகுதி' என அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று போஸ்னிய செர்பியப் படை அந்நகரைக் கைப்பற்றியது. காவலுக்கு நின்ற நெதர்லாந்துப் படையினரால் அதைத் தடுக்க இயலவில்லை. அடுத்து வந்த நாட்களில் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அது இனப்படுகொலையே என 2007-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படைமுகாமில் தஞ்சம் புகுந்து, பின் வெளியேற்றப்பட்ட 350 ஆண்களின் இழப்பில் 10 சதவீதப் பொறுப்பு நெதர்லாந்து அரசையே சாரும் என்று 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

இதற்கு நேர்மாறானது கொசோவோ. 1999-இல் நேட்டோ, பாதுகாப்புச் சபையின் அனுமதியின்றி 78 நாட்கள் குண்டுவீசியது. சட்டப்படி தவறு, ஆயினும் நியாயமானது என்றது அதை ஆராய்ந்த சுயேச்சைக் குழு. 2005-இல் உலகத் தலைவர்கள் 'பாதுகாக்கும் பொறுப்பு' எனும் கோட்பாட்டை ஏற்றனர். 2011-இல் லிபியாவின் குடிமக்களைக் காக்க அனுமதி வழங்கப்பட்டது. இந்தியா ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் நடுநிலை வகித்தது. கத்தாஃபியின் ஆட்சி வீழ்ந்த பின் அந்நாடு உள்நாட்டுப் போரில் சிதறியது. காக்க வந்தோர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை.

ஆகவே, இத்தகைய செய்தியைக் கேட்கும்போது மூன்றைக் கவனியுங்கள். அமைதி வழிகள் அனைத்தும் அடைபட்டுவிட்டனவா? அனுமதி அளித்தவர் யார்? போர் ஓய்ந்தபின் அம்மக்களுக்குப் பதில் சொல்லப்போவது யார்?

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2003 முதல் சூடானின் தார்ஃபூரில் கொன்றவர்களும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டவர்களும் முஸ்லிம்கள். போஸ்னியாவுக்காக எழுந்த நம் குரல் அவர்களுக்காக எழுந்ததா? அநீதி இழைப்பவனின் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அநீதியை அளக்கும் கோல் எல்லோருக்கும் ஒன்றே.

காப்போம் என்று சொன்ன வாக்கு அமானிதம். அதைப் பேணும் மனிதர்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.