மலை உச்சியில் பத்து மீட்டர் கம்பி

செல்போன் டவரே எட்டாத மலை உச்சியில நின்னு வேறு நாட்டுக்காரரோட பேச முடியுமா? அமெச்சூர் ரேடியோக்காரங்க பேசுறாங்க, பாயின்ட்டும் வாங்குறாங்க! 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற இந்தத் திட்டம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கியது. மலையின் உயரத்தைப் பொறுத்து 1 முதல் 10 பாயின்ட். 1000 சேர்த்தால் 'மவுன்டன் கோட்' விருது. (மலை ஆடுன்னு பேர் வாங்க இவ்வளவு பாடு!)

காருக்குள் உட்கார்ந்து பேசக் கூடாது, பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. ரேடியோ, பேட்டரி, கம்பி எல்லாம் உங்க முதுகுலதான். உச்சியில் குறைந்தது 4 பேருடன் தொடர்பு கிடைத்தால்தான் பாயின்ட். மூணோட நின்னா, ஏறினது உடம்புக்கு நல்லதுன்னு இறங்க வேண்டியதுதான்.

அதனால ஆன்டெனாதான் உயிர். 14 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 21.3 மீட்டர். அரை அலை டைபோலுக்கு 10.7 என்று கணக்கு வரும். நிஜத்தில் சுமார் 5% குறைந்து 10.2, அதாவது பக்கத்துக்கு 5.1 மீட்டர். இன்சுலேஷன் உள்ள ஒயர்னா இன்னும் கொஞ்சம் குறையும். அதுக்காக முதல்லயே குறைச்சு வெட்டிடாதீங்க! கூடுதலா விட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்துப் பார்த்து நறுக்குங்க. லைசென்ஸ் வாங்கின பிறகு, இதை மொட்டை மாடியிலேயே முடிச்சிடுங்க. நடுவில் கம்பம், இரு முனையும் தாழ்வாக, உச்சியில் கட்டப்போகிற அதே வடிவத்தில். கோணம் மாறினா ரீடிங்கும் மாறும்.