தூண்டில் பிரியர்களுக்கு ரப்பர் படகும் அவுட்போர்டு என்ஜினும்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



வாரம் முழுவதும் தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவே நிற்பவர்கள் நாம். ஞாயிறு மதியம் கடையைச் சாத்திய பிறகு சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் தூங்குகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்தில் மொத்த வியாபாரம் செய்யும் எங்களில் சிலருக்குத் தூண்டில் போடுவதில்தான் நாட்டம். கரையில் நின்று தூண்டில் போட்டவனுக்கு ஒரு படகு இருந்தால் நன்றாயிருக்குமே என்று என்றைக்காவது ஒருநாள் தோன்றத்தான் செய்யும். மடித்துக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு போகும் ரப்பர் படகும், ஒற்றை ஆள் தூக்கும் என்ஜினும் இப்போது கிடைக்கின்றன. இவற்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று நமது சங்க உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் பட்ட பாடு

மூட்டையைக் குத்திப் பார்க்காமல் அரிசி வாங்காத நாம், 2017-ல் முதல் படகை விலையை மட்டும் பார்த்து வாங்கினோம். அந்த ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் மைத்துனரும் பருப்பு வியாபாரி ஒருவரும் புன்னக்காயல் பக்கம் தாமிரபரணி முகத்துவாரத்தில் இறங்கினோம். ஆனி, ஆடியில் நம் கரையில் மேல்காற்று பலமாக வீசும். அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்று. கரையோரத் தண்ணீர் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்ததால் நாம் ஏமாந்தோம்.

விசிறி மணல் திட்டில் இடித்து, அதைப் பிடித்திருந்த ஷியர் பின் என்ற சிறு ஊசி ஒடிந்துவிட்டது. மாற்று ஊசி கொண்டுவரவில்லை. படகோடு வந்த துடுப்புகள் விளையாட்டுச் சாமான்கள். ஒன்று வளைந்தே போனது. உயிர்காப்புச் சட்டைகள் காரில் கிடந்தன. காற்றடைத்த படகு தண்ணீரில் ஆழ்ந்து நிற்பதில்லை. காற்று தள்ளிய பக்கமெல்லாம் போகும். முக்கால் மணி நேரத்தில் கரையில் நின்ற கார் கண்ணுக்குத் தெரியவில்லை. வள்ளத்தில் வந்த மீனவர்கள் கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. "அண்ணாச்சி, இது காத்துல போற பை. ஆத்துக்குள்ள வச்சுக்கிடுங்க, மேக்காத்துல கடலுக்குக் கொண்டாராதீங்க" என்று மட்டும் சொன்னார் அவர்களில் மூத்தவர். அன்றைக்கு மைத்துனர் வீட்டில் பட்ட திட்டை இங்கே எழுதுவதற்கில்லை. அதன் பிறகுதான் இந்தச் சரக்கைப் பற்றி முறையாகக் கற்றுக்கொண்டோம்.

1. முதலில் இடம், பிறகு படகு

குளம், அணைக்கட்டு, கழிமுகம், கடல் இவற்றில் எதில் இறங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 2.3 முதல் 2.7 மீட்டர் நீளப் படகு அமைதியான உள்நாட்டு நீரில் இரண்டு பேருக்குப் போதும். மூன்று பேர் என்றால் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது. அலை மிகுந்த கடலுக்கு இந்த மடிப்புப் படகுகள் ஏற்றவையல்ல. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அலென் பொம்பார் 1952-ல் ரப்பர் படகில் தனியாளாகக் கேனரித் தீவிலிருந்து பார்படோஸ் வரை அட்லாண்டிக் கடலை 65 நாட்களில் கடந்தார் என்பது உண்மை. அவர் உயிரைப் பணயம் வைத்துச் செய்த சோதனை அது. நமக்கு திங்கட்கிழமை காலை கடை திறக்க வேண்டும்.

அணைகளில் மீன்பிடிக்க உரிமம் தேவையா, படகைப் பதிய வேண்டுமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குவதே முறை. நமது கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அந்தப் பக்கம் தூண்டிலோடு போகக் கூடாது.

2. எடைக் கணக்கு

இலகு என்று விளம்பரம் செய்வார்கள். நாமே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். மரச்சட்டம் போட்ட 2.3 மீட்டர் படகு சுமார் 25 கிலோ; காற்றுத் தளம் உள்ள 2.7 மீட்டர் படகு சுமார் 30 முதல் 35 கிலோ. அலுமினியத் தளம் போட்ட 3.2 மீட்டர் படகு 55 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சர்க்கரை மூட்டை 50 கிலோ என்பதை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மூட்டை தூக்க நமக்குச் சுமைப்பணி ஆள் உண்டு. ஆற்றங்கரையில் நாமேதான் தூக்க வேண்டும்.

படகு எவ்வளவு தாங்கும் என்பது பின்பலகை அருகில் ஒட்டிய தகட்டில் இருக்கும். அதில் ஆள் கணக்கு, கிலோ கணக்கு, குதிரைத்திறன் மூன்றும் இருக்க வேண்டும். மூன்று பேர் போகும்போது ஆகும் பாரத்தைப் பாருங்கள்:

ஆட்கள் மூவர் – 225 கிலோ
6 குதிரைத்திறன் என்ஜின் – 27 கிலோ
12 லிட்டர் பெட்ரோல் நிரம்பிய டேங்க் – 12 கிலோ
ஐஸ் போட்ட மீன் பெட்டி – 20 கிலோ
நங்கூரமும் கயிறும் – 6 கிலோ
தண்ணீர், சாப்பாடு, தூண்டில் சாமான் – 10 கிலோ
ஆக மொத்தம் – 300 கிலோ

தகட்டில் 300 என்றிருந்தால் அந்தப் படகு நமக்குப் போதாது. 400 என்றிருந்தால் வாங்கலாம். கால் பங்கு எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும்.

3. துணியும் ஒட்டும்

ரப்பர் படகு என்று சொன்னாலும் பெரும்பாலானவை பி.வி.சி. பூசிய துணியால் ஆனவை. நல்ல படகில் துணி சுமார் 0.9 மில்லிமீட்டர் கனம் இருக்கும். நீச்சல் குளத்து விளையாட்டுப் படகில் உள்ளே நெசவே இருக்காது. ஓரத்தைப் புரட்டிப் பார்த்தால் நூல் தெரிய வேண்டும். இன்னொரு வகை, ஹைபலான் என்ற பெயரில் பழகிப்போன செயற்கை ரப்பர். அந்தப் பெயரில் தயாரித்து வந்த டூபான்ட் நிறுவனம் 2010-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதே வகைச் சரக்கை மற்றவர்கள் செய்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இதுவே அதிக நாள் உழைக்கும். விலையும் எடையும் கூடுதல். ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போகிறவர் பி.வி.சி. படகை வாங்கி நிழலில் வைத்துக் காப்பாற்றினால் போதும்.

காற்றறைகள் குறைந்தது மூன்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும். கடையிலேயே காற்றடைத்து, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கக் குழாய்களுக்கு 0.25 பார் அழுத்தம் வழக்கம். கையால் அமுக்கிப் பார்த்து நிரப்பாமல் அளவுமானி வைத்து நிரப்ப வேண்டும். காலை 25 டிகிரியில் அடைத்த காற்று வெயிலில் 50 டிகிரி ஆனால் அழுத்தம் 0.35 பார் வரை ஏறும். ஆகவே கரையில் வெயிலில் போடும்போது கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: நம் கழிமுகத்தில் அதிகம் சிக்குவது கெளுத்தி. அதன் முள் துணியையும் குத்தும், கையையும் குத்தும். படகுக்குள் ஒரு பழைய தார்பாய் விரித்து, மீனை நேரே பெட்டிக்குள் போடுங்கள்.

4. என்ஜின்

அமெரிக்காவில் ஓலே எவின்ருட் 1909-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு என்ஜின் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ. இன்று அதே எடையில் 6 குதிரைத்திறன் கிடைக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் வகையில் 2.5 குதிரைத்திறன் சுமார் 17 கிலோ, 4 முதல் 6 வரை சுமார் 27 கிலோ, 9.9 என்றால் 40 கிலோ அளவில் வரும்.

இருவர் ஆற்றுக்குள் மெதுவாகப் போக 2.5 போதும். மூவர், எதிர்நீரோட்டம் என்றால் 6 வேண்டும். தகட்டில் எழுதிய அளவுக்கு மேல் போடக் கூடாது. பின்பலகை பிய்த்துக்கொள்ளும், படகு பின்பக்கம் அமுங்கி மூக்கைத் தூக்கும்.

தண்டின் நீளத்தில் பலர் ஏமாறுகிறார்கள். குட்டை 15 அங்குலம், நெட்டை 20 அங்குலம். சிறு ரப்பர் படகுகளுக்குப் பெரும்பாலும் 15 அங்குலமே பொருந்தும். விசிறிக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சரியாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். பலகையை அளந்துகொண்டு போய் என்ஜின் வாங்குங்கள்.

மின்சார மோட்டார் சத்தமில்லாதது, குளத்துக்கு நல்லது. ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர் சாதாரண பாட்டரியே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால், பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஒரு மணி நேரந்தான் வரும்.

5. எரிபொருள்

பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. நான்கு ஸ்ட்ரோக்கில் கலக்கக் கூடாது. நம் பங்குகளில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பல அவுட்போர்டு என்ஜின்களின் கையேடு 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ரப்பர்க் குழாய்களையும் கார்புரேட்டரையும் கெடுக்கும். ஆகவே இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரும்பி வந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கைவசம். கடை முதலைப் பிரிப்பது போல இதையும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

6. உயிர் முக்கியம்

என்ஜினை நிறுத்தும் கில் கயிற்றை ஓட்டுபவர் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் என்ஜின் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும். காரில் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். நல்ல துடுப்பு இரண்டு, நங்கூரம், ஷியர் பின் இரண்டு, ஸ்பார்க் பிளக், ஒட்டுப் பசையும் துணித்துண்டும், விசில், உறையில் போட்ட கைபேசி ஆகியவை இல்லாமல் இறங்க வேண்டாம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்கு வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

7. கிட்டங்கியில் வைக்காதீர்கள்

இது நம் தொழிலுக்கே உரிய எச்சரிக்கை. மடித்த படகைப் பலசரக்குக் கிட்டங்கியில் வைத்தால் எலி கடித்துவிடும். நமது இரண்டாவது படகில் மடிப்புக்குள் எலி கூடு கட்டி நான்கு ஓட்டை போட்டது. பெட்ரோல் வாடை என்ஜினோ, டேங்கோ அரிசி, தேயிலை, மாவு பக்கத்தில் இருந்தால் சரக்கு வாடை பிடித்துத் திரும்பி வரும். தீ அபாயம் தனி. படகை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, எலி ஏறாதபடி உயரத்தில் தொங்கவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய என்ஜினை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் வைத்துப் பத்து நிமிடம் ஓட்டி, நிமிர்த்தியே வையுங்கள்.

முடிவாக

பில் இல்லாமல் வாங்காதீர்கள். என்ஜினுக்கு நம் மாவட்டத்திலேயே உதிரிபாகமும் மெக்கானிக்கும் உண்டா என்று விசாரித்த பிறகு பணம் கொடுங்கள். பழைய என்ஜின் என்றால் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கத் துவாரத்தில் தண்ணீர் பீய்ச்சி வரவில்லை என்றால் குளிர்விக்கும் பம்பு சரியில்லை.

படகுக்கு ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கைப் பாதுகாப்புச் சாமானுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குப் படகு தேடுங்கள். நாம் தலைகீழாகச் செய்தோம். புன்னக்காயல் மீனவர்கள் அந்த நேரம் அந்த வழியே வராதிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நாம் இருந்திருக்க மாட்டோம். இப்போதும் மாதம் ஒரு ஞாயிறு ஆற்றுக்குள் போகிறோம். மேல்காற்றுக் காலத்தில் மட்டும் படகு கட்டிய இடத்திலேயே தொங்குகிறது.